சைவமா, சார்?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் உங்களை முதலில் விசாரிப்பது பெரும்பாலும் நாய்தான். அடுத்து, கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் காட்டும் வீட்டுக்கார அம்மா. எங்கே வேலை? மொத்தம் எத்தனை பேர்? சொந்த ஊர் எது? எல்லாம் முடிந்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ''நீங்க சைவமா?'' கேள்வி சாப்பாட்டைப் பற்றியது இல்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஜாதி என்ன, மதம் என்ன என்று நேரடியாகக் கேட்க நாகரிகம் தடுக்கிறது. அதனால் கத்தரிக்காய் வழியாகக் கேட்கிறார்கள்.

இந்த அரை நிமிஷ அவமானத்தை முழுநீளப் படமாக எடுத்திருக்கிறார் செழியன். 'டு லெட்'. 2017-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கிவிட்டு, 2019 பிப்ரவரி 21 அன்றுதான் தியேட்டர் பக்கம் வர முடிந்தது. பார்க்காதவர்கள் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். நூறு நிமிஷம்கூட ஆகாது.

கதை? சினிமாவில் ஜெயிக்கப் போராடும் இளங்கோ, மனைவி அமுதா, ஒரு சின்னப் பையன். ஒரு மாதத்தில் காலி பண்ணு என்கிறார் ஹவுஸ் ஓனர். வீடு தேடுகிறார்கள். அவ்வளவுதான். நடப்பது 2007-ல். ஐ.டி. கம்பெனிகள் வந்து சென்னை வாடகை எகிறிக்கொண்டிருந்த வருஷங்கள். வில்லன் கிடையாது, பாட்டு கிடையாது, பின்னணி இசைகூடக் கிடையாது. தபஸ் நாயக்கின் ஒலிப்பதிவில் தெருச் சத்தமும் பாத்திரச் சத்தமும்தான் இசை. சோகக் காட்சிக்கு வயலின் வைத்திருந்தால் நாம் நிம்மதியாக அழுதுவிட்டு எழுந்து போயிருப்போம். அந்த வசதியை மறுத்துவிட்டார்.

எனக்குப் படத்தில் ரொம்பப் பிடித்தது, குடியிருக்கும்போதே அடுத்த வாடகைக்காரர்கள் வந்து வீட்டைப் பார்க்கிற சமாசாரம். நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். யாரோ வந்து உங்கள் சமையலறையை எட்டிப் பார்த்து, பாத்ரூமைத் திறந்து, ''கொஞ்சம் இருட்டா இருக்குல்ல?'' என்பார்கள். நீங்கள் அங்கேதான் நிற்பீர்கள், காலி பண்ணவேண்டிய ஒரு சாமான் மாதிரி. ஷீலா ராஜ்குமார் இதையெல்லாம் வசனத்தை நம்பாமல் முகத்திலேயே நடிக்கிறார். கணவன் மனைவி சண்டை வருகிறது. அது வீட்டைப் பற்றிய சண்டை மாதிரியே இருக்காது. நிஜத்திலும் அப்படித்தானே?

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) ஞாபகம் வராமல் இருக்காது. அதிலும் ஆரம்பம் காலி பண்ணச் சொல்வதுதான். ஆனால் அர்ச்சனாவுக்கு சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று கனவாவது இருந்தது, தாத்தா சொக்கலிங்க பாகவதர் வைத்திருந்த மனை இருந்தது, இளையராஜா இருந்தார். இருபது வருஷத்தில் கனவு எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். இளங்கோ கேட்பது ஒரு வாடகை ரூம். 'எதிர்நீச்சல்' (1968) மாது மாடிப்படிக்கு அடியில் படுத்திருந்தான். அவனுக்காவது யாரும் பயோடேட்டா கேட்கவில்லை.

செழியனோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. ஆதிரா பாண்டிலட்சுமி பிரமாதமாக நடித்திருக்கும் அந்த ஹவுஸ் ஓனர் அம்மாவின் பக்கக் கணக்கை அவர் திறக்கவே இல்லை. சென்னையில் மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் ஜமீன்தார் இல்லை. வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள், பென்ஷன் போதாதவர்கள், உள்ளே வந்தவன் காலி பண்ண மறுத்து கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் அலையவேண்டுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தையும் ரெண்டு நிமிஷம் காட்டியிருந்தால் படம் இன்னும் பலமாகியிருக்கும். கூடவே, வாடகை ஏறியதற்கு ஐ.டி. பையன்களைக் கைகாட்டுவதும் பாதி நியாயம்தான். அவர்களும் குடித்தனக்காரர்கள்தான். மூன்று பேர் சேர்ந்து வீடு கேட்டால் ''பேச்சிலர்ஸுக்கு இல்லை'' என்று கதவடைக்கப்பட்டவர்கள்.

சரி, அட்வான்ஸுக்கு வருவோம். பத்து மாத அட்வான்ஸ் என்பது எங்கள் ஊர் வழக்கம் என்று புரோக்கர் புன்னகையோடு சொல்வார். ஒரு பேச்சுக்கு வாடகை 15,000 என்று வையுங்கள். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், முதல் மாத வாடகை 15,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 15,000. பால் காய்ச்சுவதற்குள் 1,80,000. அந்த ஒன்றரை லட்சத்துக்கு வட்டி கிடையாது. வருஷத்துக்கு ஆறு சதவிகிதம் போட்டால்கூட 9,000 ரூபாய், அதாவது மாதம் 750 ரூபாய் சத்தமில்லாமல் கூடுதல் வாடகை. காலி பண்ணும்போது 'பெயின்ட்டுக்கு' என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வது தனி.

இதில் வேடிக்கை, 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. ஒன்று! சட்டப் புத்தகத்தில் ஒன்று, தெருவில் பத்து. ஐம்பது வருஷத்துக்கு மேல் ரெண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் சமாதானமாக வாழ்ந்தன.

'டு லெட்' ரிலீஸான மறுநாள், 2019 பிப்ரவரி 22 அன்று, அந்தப் பழைய சட்டம் போய்ப் புதுசு அமலுக்கு வந்தது. யாரும் திட்டமிடவில்லை, தற்செயல்தான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும், தண்ணீர், கரன்ட்டை நிறுத்திக் குடித்தனக்காரரை விரட்டக் கூடாது, காலி பண்ணி ஒரு மாதத்துக்குள் பாக்கி கழித்து டெபாசிட்டைத் திருப்பித் தரவேண்டும் என்றெல்லாம் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது. ஆனால் அந்த வரி எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமோ? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் தவிர, என்று. ஒப்பந்தத்தை எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரியும். பூட்டைப் போட்டுவிட்டு சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. நீங்கள் இன்ன ஜாதி, இன்ன மதம், மீன் சாப்பிடுவீர்கள், அதனால் வீடு இல்லை என்று மறுப்பதைப் பற்றி இந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அகமதாபாத்தில் ஒரு பார்ஸி வீட்டுவசதி சங்கம் பார்ஸிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்போம் என்றதை 2005-ல் உச்ச நீதிமன்றமே சரி என்றது. அது சங்க விதி பற்றிய வழக்கு, வாடகை வழக்கு இல்லைதான். ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

இளங்கோ இன்றைக்கு வீடு தேடினால் என்ன ஆகும்? வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று மூன்று படிகள் தயாராக இருக்கின்றன. எல்லாம் சாவி கைக்கு வந்தபிறகு. கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பொண்டாட்டி பிள்ளையோடு நிற்கிறவன் இன்னும் குடித்தனக்காரனே ஆகவில்லை. அவன் எந்த மனுவில் கையெழுத்துப் போடுவான்?