மேலே சரி, உள்ளே பிசகு

வளிமண்டலத்தின் உச்சியில் வந்து விழும் வெயிலை உலகம் முழுக்க, ஆண்டு முழுக்கச் சராசரி பார்த்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 340 வாட். அதில் 100 வாட் மேகத்திலும் பனியிலும் மணலிலும் பட்டு விண்வெளிக்கே திரும்பிவிடுகிறது. மிச்சம் 240. தரையும் கடலும் எடுத்துக்கொள்வது 160 அளவில். வழியிலேயே காற்று குடித்துவிடுவது 80 அளவில். காலநிலை மாதிரிகளைப் பற்றிய பேச்சில் 240 அடிக்கடி அடிபடும், இந்த 80 அவ்வளவாக அடிபடாது. மாதிரிகளின் வெயில் கணக்கை எடைபோட வேண்டுமானால் இந்த 80-ஐத்தான் உரசிப் பார்க்க வேண்டும் என்பேன்.

செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு திரும்பியது என்பது அதற்கு நன்றாகத் தெரியும். மாதிரியை உருவாக்குபவர்கள் மேகம் சார்ந்த சில எண்களைச் சற்று ஏற்றி இறக்கி அந்த 240-ஐப் பிடித்துவிடலாம், பிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் காற்றுக்கு 70, தரைக்கு 170 என்று பங்கு பிரித்தாலும் கூட்டினால் 240தான் வரும்.

காற்று குடிக்கும் வெயிலை மாதிரிகள் கணக்கிடும் முறையின் கெட்டிக்காரத்தனத்தை முதலில் சொல்லியாக வேண்டும். நீராவி, ஓசோன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவை எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்பதைத் தொகுத்து வைத்திருக்கிறது ஹிட்ரான் என்ற தரவுத்தொகுப்பு. அதில் லட்சக்கணக்கான உறிஞ்சல் கோடுகள். ஒவ்வொரு கோடாகப் போட்டால் விடை துல்லியமாக வரும். ஆனால் நூறாண்டுக் காலநிலையை அப்படி ஓட்டிக் கட்டுப்படியாகாது. அதற்குக் கண்ட வழி இது: ஓர் அலைநீளப் பட்டைக்குள் தாறுமாறாக ஏறி இறங்கும் உறிஞ்சுதிறன்களை, பள்ளி இறைவணக்கத்தில் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவதுபோல, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிடுவது. முள்ளும் முரடுமாக இருந்தது வழுவழுப்பான வளைவாகிவிடும். அங்கங்கே சில புள்ளிகளைத் தொட்டால் போதும். பரவலாகப் பயன்படும் ஆர்ஆர்டிஎம்ஜி நிரல் சூரிய ஒளி முழுவதையும் 14 பட்டைகளாகப் பிரித்து, மொத்தம் 112 புள்ளிகளில் வேலையை முடிக்கிறது. வெறும் சிக்கனம் என்று இதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. அழகான வேலை.

சிக்கனம் அளவு மீறிய இடத்தில்தான் குறை. நீராவி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும், அகச்சிவப்பில்தான் வாங்கிக்கொள்ளும். அந்தப் பகுதியைக் கரடுமுரடாகக் கணக்கிட்ட மாதிரிகள், பூமி சூடேறி நீராவி பெருகும்போது கூடுதலாக உறிஞ்சப்படும் வெயிலைக் குறைத்துக் காட்டின. டிஏஞ்சலிஸும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் நேச்சர் இதழில் இதை எடுத்துக்காட்டினார்கள். அடி விழுவது மழைக்கணக்கில். வளிமண்டலம் இடைவிடாமல் வெப்பத்தை வீசி இழந்துகொண்டிருக்கிறது. நீராவி மழையாகும்போது வெளிவரும் வெப்பம்தான் அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது. வெயிலே நேராகக் காற்றைச் சூடாக்கினால் மழை ஈடுகட்ட வேண்டியது குறைந்துபோகும். ஆக, உறிஞ்சலைக் குறைத்துக் காட்டும் மாதிரி வருங்கால மழை உயர்வைக் கூட்டிச் சொல்லிவிடுகிறது. இதற்கான இயற்பியல் தெரிந்திருந்தது, தரவும் கையில் இருந்தது. அதனால்தான் இந்தக் குறையை மன்னிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

உண்மையிலேயே விடை தெரியாத கேள்வியும் ஒன்று இருந்தது. மாதிரிகள் சொல்வதைவிட மேகங்கள் மிகுதியாக வெயிலை உறிஞ்சுகின்றன என்று 1995-இல் சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன் அவர்களில் ஒருவர். ஓக்லஹோமாவில் விமானம் ஏற்றி அளந்தார்கள். 2000-இல் மறுபடி அளந்தபோது அவ்வளவு பெரிய இடைவெளி தென்படவில்லை. ஆனாலும் அந்த வாதம் பலரை மேகத்துக்குக் கீழேயும் கருவியோடு போக வைத்தது. ராமநாதன் குழு 2006-இல் மாலத்தீவுப் பக்கம் ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டது. மாசுப்படலம் கீழ்வளிமண்டலத்தில் வெயில் சூட்டை 50 சதவீத அளவுக்குக் கூட்டுவதைக் கண்டது. மேலிருந்து மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

இன்னொரு குறை நிழலில் இருக்கிறது. மாலை நாலரை மணிக்கு வெட்டவெளியில் நின்று பாருங்கள். தலைக்கு நேர் மேலே மேகம் நிற்கும், நம் முகத்தில் வெயில் அடிக்கும்; அந்த மேகத்தின் நிழல் கிழக்கே எங்கோ கிடக்கும். மாதிரியிலோ வளிமண்டலம் தனித்தனித் தூண்கள். ஒரு தூணின் ஒளி பக்கத்துத் தூணுக்குப் போகாது. மேகத்தின் நிழல் அதன் காலடியிலேயே விழும். ஒவ்வொரு தூணும் நிற்கும் கட்டம் 100 கிலோமீட்டர் அகலமாக இருந்தவரை இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது, 2 கிலோமீட்டர் உயர மேகத்தின் நிழல் ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் தள்ளி விழும், கட்டத்துக்குள் அடங்கிவிடும். இப்போது ஓரிரு கிலோமீட்டர் கட்டங்களுக்கு மாதிரிகள் இறங்கி வருகின்றன. நிழல் விழ வேண்டிய தூண் வேறு, விழும் தூண் வேறு. தவறான இடத்தில் தரை குளிர, அடுத்த மேகம் எழும் இடமும் மாறுகிறது. கட்டம் நுணுக நுணுக மற்றப் பிழைகள் பல சுருங்கும், இது மட்டும் வளரும். ஐரோப்பிய வானிலை மையம் 2017 முதல் இயக்கும் இசிராட் நிரலில், மேகத்தின் பக்கவாட்டில் நுழையும் ஒளியைக் கணக்கில் எடுக்க ஸ்பார்டகஸ் என்றொரு வழி உண்டு. ஆனால் அதுவும் ஒரே தூணுக்குள் போடும் கணக்குத்தான்; பக்கத்துத் தூணுக்கு அது நிழலை அனுப்புவதில்லை.