பதக்கமும் சம்பளமும்

1998 நவம்பர் 10ஆம் திகதி செனகலின் தியோவோர் கிராமத்தில் அப்துலாய் நிஜாய் என்ற 104 வயது முதியவர் மௌத்தானார் (நம் வாயில் அவர் அப்துல்லாஹ்தான்). முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சுக்காகப் போராடிய செனகல் சிப்பாய்களில் எஞ்சியிருந்த கடைசி மனிதர். மறுநாள் அவருக்கு லெஜியோன் தொனர் பதக்கம் அணிவிக்கப் பிரெஞ்சுத் தூதுவர் வருவதாக இருந்தது. எண்பது வருடங்கள் தாமதித்த பதக்கம் இன்னும் ஒரு நாள் பிந்திவிட்டது.

ஆபிரிக்கச் சிப்பாய்கள் பற்றிய இரு திரைப்படங்களை அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தபோது இம்முதியவர்தான் என் நினைவில் நின்றார்.

ரஷீத் புஷாரெப்பின் ‘இந்திஜேன்’ 2006இல் வந்தது. சுதேசிகள் என்று பொருள். வட ஆபிரிக்கச் சிப்பாய்கள் சிலர் அல்சாஸ் கிராமமொன்றை ஜேர்மனியரிடமிருந்து காக்கிறார்கள். ஏனையோர் மடிய அப்துல்காதர் மட்டும் மிஞ்சுகிறான். பின்னால் வந்து சேரும் கேணல் அவனைப் பொருட்படுத்துவதில்லை. கமராவும் பிரெஞ்சுச் சிப்பாய்களையே படம் பிடிக்கிறது. நான் கண் கலங்கினேன், அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு நெருடல். இப்படம் பிரான்சிடம் கேட்பது அங்கீகாரத்தை. வீரத்தை நிரூபித்தவனே மதிக்கத்தக்கவன் என்ற எஜமானின் அளவுகோலைப் படமும் தன் கையில் எடுத்துக்கொள்கிறது.

உஸ்மான் செம்பேன் அப்படிக் கேட்பவரல்லர். தாமே காலனித்துவப் படையில் சிப்பாயாக இருந்தவர். தியெர்னோ ஃபாத்தி சோவுடன் சேர்ந்து 1988இல் அவர் இயக்கிய ‘தியாரோய் முகாம்’ படத்தில் வீரச்செயல் எதுவுமில்லை. ஜேர்மன் சிறைகளிலிருந்து மீண்டவர்கள் டாக்காருக்கு அருகே ஒரு முகாமில் காத்திருக்கிறார்கள். அமெரிக்கர் கொடுத்த சீருடை பறிக்கப்பட்டுப் பழைய சிவப்புத் தொப்பி திரும்பவும் தலையில் ஏறுகிறது. பிறகு பணக் கணக்கு. கொண்டுவந்த பிராங்குகளைப் பாதிப் பெறுமதிக்கே மாற்றித் தருவோம் என்கிறார்கள் அதிகாரிகள். சிப்பாய்கள் பதக்கம் கேட்கவில்லை, உழைத்த காசைக் கேட்டார்கள். செம்பேன் இந்தக் கணக்கை அவசரமின்றி, சலிப்பூட்டும் அளவுக்குக்கூட, பேச விடுகிறார். அந்தச் சலிப்பு படத்துக்குத் தேவையானதே என்பது என் எண்ணம். புஹன்வால்ட் வதைமுகாமில் பேச்சிழந்த ‘பேய்’ என்ற சிப்பாய், இரவில் யுத்த தாங்கிகள் வருவதைக் காவற்கோபுரத்திலிருந்து காண்கிறான். எச்சரிக்கிறான். பைத்தியம் என்று தோழர்கள் அவனைத் தூங்கச் சொல்கிறார்கள்.

‘இந்திஜேன்’ பயனற்றதா என்று நண்பர்கள் என்னுடன் சண்டைக்கு வரலாம். 1959 முதல் உறைய வைக்கப்பட்டிருந்த ஓய்வூதியத்தை ஜனாதிபதி ஷிராக் உயர்த்தியது 2006இல் அப்படம் வெளியான நாட்களில்தான். ஒரு திரைப்படத்துக்கு அது சின்ன விடயமல்ல. ஆனால் கடந்த வருடங்களுக்கான நிலுவையை அந்த உயர்வு சேர்க்கவில்லை. செம்பேன் கேட்டது அந்த நிலுவையைத்தான்.

தியாரோய் படுகொலை நடந்தது 1944 டிசெம்பர் 1இல். 2024இல் அங்கு இறந்தோரில் ஆறு பேருக்கு ‘பிரான்சுக்காக உயிர் நீத்தவர்’ என்ற கௌரவத்தை வழங்கியது பிரெஞ்சு அரசு. அவர்களைச் சுட்டதும் பிரெஞ்சு இராணுவம்தான்.