நாணயத்துக்கு எத்தனை மார்க்?

தாம்பரம் ஸ்டேஷன் மேற்குப் பக்கம் இறங்கி நடந்தால், மின்கம்பங்களில் முன்பெல்லாம் மூலம், பௌத்திரம் நோட்டீஸ்தான் ஒட்டியிருக்கும். இப்போ அதுக்குப் பக்கத்திலேயே இன்னொண்ணு. "சிபில் ஸ்கோர் குறைவா? 30 நாளில் 750!" கீழே ஒரு செல்போன் நம்பர். ரெண்டு நோட்டீஸும் ஒரே ஆளைத்தான் தேடுது: வெளியில சொல்ல வெட்கப்படுற ஆளை.

ஸ்கோரை ஏத்துவது எப்படின்னு யூடியூபில் தேடினால் அநேகமாக இந்த அஞ்சு யோசனைதான் வரும். தவணையைத் தேதி தவறாம கட்டு. கிரெடிட் கார்டு வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் செலவு பண்ணாதே. பழைய கார்டை மூடாதே. ஒரே சமயத்தில் நாலு இடத்தில் கடனுக்கு அப்ளை பண்ணாதே. பாதுகாப்புள்ள கடன், இல்லாத கடன் ரெண்டும் கலந்து வெச்சுக்கோ. இதெல்லாம் பெரும்பாலும் சரிதான். என் குறை வேற. இந்த யோசனைகள் எல்லாமே ஸ்கோரை நம்ம உடல் எடை மாதிரி பாவிக்கின்றன. கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா, தப்பு நம்ம மேல, டயட்டும் நாமதான் இருக்கணும். தராசு யாருடையது, அது எதை நிறுக்குதுன்னு கேட்பதே இல்லை. சில வருஷமா இது சம்பந்தமான சட்டம், ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகள், என்னுடைய சொந்த அறிக்கைகள் எல்லாத்தையும் ஓய்வு நேரத்தில் படிச்சிட்டு வர்றேன். அதிலிருந்து தோன்றியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1999ல் சித்திக்கி குழு பரிந்துரை செய்தது. 2000 ஆகஸ்டில் சிபில் நிறுவனம் பிறந்தது. 2004ல் தனிநபர் கடன் தகவல் சேவை தொடங்கியது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005ல் நிறைவேறியது. பிறகு எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகியவையும் வந்தன. ஆக மொத்தம் நாலு நிறுவனம், நாலும் தனியார். நாம பொதுவா "சிபில்"னு சொல்றது இந்த நாலில் ஒண்ணு மட்டும்தான். அதுவும் இன்று டிரான்ஸ்யூனியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பிடியில் இருக்கிறது. தனிநபர்கள் தங்கள் சிபில் ஸ்கோரைத் தாங்களே வாங்கிப் பார்க்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்னு ஆனது 2017ல். அதாவது நம்மைப் பற்றிய அந்தக் கோப்பை வங்கிகள் படித்துக்கொண்டிருந்தன. நமக்கே அது ரொம்பத் தாமதமாத்தான் கண்ணில் பட்டது.

சரி, அது எதை அளக்கிறது? 300லிருந்து 900 வரை ஒரு எண். நீங்க தவணை தவறும் வாய்ப்பு எவ்வளவுன்னு, வங்கிகள் அனுப்பின தகவலை மட்டும் வெச்சுச் சொல்ற ஒரு கணிப்பு. அவ்வளவுதான். தமிழில் நாணயம்ங்கிற சொல்லுக்குக் காசு, நேர்மை ரெண்டு அர்த்தமும் உண்டு. "நாணயமான மனுஷன்"னு சொல்றபோது இரண்டும் ஒண்ணா வந்து உட்கார்ந்துக்கும். ஸ்கோர் அளப்பது முதல் அர்த்தத்தில் ஒரு துண்டு. மார்க் போடுறபோது மட்டும் நாம அதை ரெண்டாவது அர்த்தத்தில் எடுத்துக்கறோம். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்குது.

எங்க சேலையூர் தெருமுனையில் மளிகைக்கடை வெச்சிருக்கும் அண்ணாச்சியை எடுத்துக்கங்க. 26 வருஷமா அதே கடை. பாரிமுனை மொத்த வியாபாரிகள் போன் பண்ணினாலே அவருக்குச் சரக்கு அனுப்புவாங்க. ஒரு தடவை கூடப் பணம் பாக்கி நின்னதில்லை. மாசாமாசம் ஏலச்சீட்டு கட்டுவார். வங்கிக் கடன் மட்டும் வாங்கினதே இல்லை. மூணு வருஷம் முன்னாடி மகளுடைய இன்ஜினியரிங் படிப்புக்குக் கல்விக்கடன் கேட்டுப் போனார். இணைக் கடனாளி அப்பா. அப்பாவுடைய அறிக்கையில் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் என்.ஹெச். என்று இருந்தது. நோ ஹிஸ்டரி. அந்தக் கிளையில் இருந்தவர், "ஹிஸ்டரியே இல்லையே, கஷ்டம்"னு சொல்லிட்டார். அண்ணாச்சி என்கிட்ட வந்து கேட்டது இதுதான்: "ஏன் தம்பி, இத்தனை வருஷம் கடன் வாங்காம இருந்தது ஒரு குத்தமா?"

என் தொழிலில் இதைப் புரிய வைப்பது சுலபம். ஒரு கட்டத்தில் "0" இருப்பதும், எதுவுமே எழுதப்படாமல் காலியாக இருப்பதும் ஒண்ணில்லை. காலியை பூஜ்யமா எடுத்துக்கிற புரோகிராம் தப்பான புரோகிராம். புதுசா சேர்ந்த பையன் இப்படி எழுதினாக்கூட நாங்க திருப்பி அனுப்பிடுவோம். ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது. 2025ல் நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் இதைத் திரும்பவும் சொன்னது. கல்விக்கடன் விஷயத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2023லேயே ஒரு படி மேலே போய், மாணவருடைய சிபில் ஸ்கோர் குறைவு என்பதற்காக விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்றது. அண்ணாச்சிக்கு இதெல்லாம் தெரியாது. அந்தச் சமயம் எனக்கும் முழுசாத் தெரியாது. முதல் வருஷ ஃபீஸுக்காக அவர் 3 லட்சம் சீட்டை 55,000 தள்ளி எடுத்தார். வரலாறு இல்லாததுக்கு அவர் கொடுத்த விலையை எழுதணும்னா அந்த 55,000ஐத்தான் எழுதணும்.

இதற்கு எதிர்முனை என் கதை. எனக்கு வரலாறு இருந்தது, ஆனா தப்பா இருந்தது. 2009ல் குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தபோது வாங்கின ஒரு கிரெடிட் கார்டை 2012ல் போன் பண்ணி மூடச் சொன்னேன். மூடினாங்கன்னு நினைச்சுட்டேன். ஆனா ஆண்டுக் கட்டணம் 500, சேவை வரி சேர்த்து 562 ரூபாய் பதிவாகியிருந்தது. அது அபராதம், வட்டின்னு குட்டி போட்டு 4,000த்தைத் தாண்டி, கடைசியில் "ரிட்டன் ஆஃப்" என்ற முத்திரையோடு நின்றது. கடிதம் எல்லாம் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கு. பெருங்களத்தூரில் வீடு வாங்க 2020 தொடக்கத்தில் கடன் கேட்டபோதுதான் இது என் கண்ணில் பட்டது.

அதனால் என்ன நஷ்டம்? 2019 அக்டோபரிலிருந்து வீட்டுக்கடன் வட்டியை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடு இணைக்கணும்னு விதி. அதற்கு மேல் வங்கி வைக்கும் கூடுதலைப் பல வங்கிகள் ஸ்கோரைப் பார்த்து நிர்ணயிக்கின்றன. ஒரு கணக்குப் போடுவோம். 40 லட்சம், 20 வருஷம். 8.5 சதவீதத்தில் ஈ.எம்.ஐ. சுமார் 34,713. 9 சதவீதத்தில் சுமார் 35,989. மாசம் 1,276 வித்தியாசம். 240 மாசத்துக்கு 3 லட்சத்துக்கு மேல். 562 ரூபாயில் ஆரம்பித்த விஷயம் இது. சரி செய்ய எனக்கு நாலு மாசம் ஆச்சு, எட்டு மெயில், ரெண்டு நேர்நடை. இதில் என் நாணயம் எங்கேயும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அறிக்கையை உட்கார்ந்து படிச்சா இன்னொண்ணும் தெரியும். நம்ம பக்கத்துப் பெயர் வழக்கம் இந்த முறைக்குள் சரியா உட்காரவே இல்லை. இனிஷியலை ஒரு வங்கி முன்னால் போடும், இன்னொண்ணு பின்னால் போடும், மூணாவது அப்பா பேரை விரிச்சு "குடும்பப் பெயர்" கட்டத்தில் தள்ளும். என் அறிக்கையில் நான் மூணு பேரா இருக்கேன். முகவரியும் அப்படித்தான். தாம்பரம் வட்டாரம் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டம். அப்புறம் செங்கல்பட்டு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி வந்தது. ஆனா தபால் முகவரியில் எப்பவும் சென்னை. வீட்டை விட்டு நகராதவர்கூட ஆவணப்படி மூணு ஊர் மாறியிருப்பார். பெயர், பிறந்த தேதி, பான், போன், முகவரி இவற்றைப் பொருத்தித்தான் யாருடைய கடன் யாருடையதுன்னு முடிவாகுது. ஒரே இனிஷியல், ஒரே பெயர் கொண்ட வேறொருவருடைய வண்டிக்கடன் உங்க கணக்கில் வந்து உட்கார்வதற்கு இதெல்லாம் நல்ல வழி.

நியாயமா மறுபக்கத்தையும் சொல்லணும். ஸ்கோர் வருவதற்கு முன்னால் இருந்தது ஒண்ணும் பொற்காலம் இல்லை. மேனேஜருக்குத் தெரிஞ்சவரா, எந்தத் தெரு, எந்த ஆள் சிபாரிசு, வாய்விட்டுக் கேட்காத சாதி, இதெல்லாம்தான் கடனைத் தீர்மானித்தன. அமெரிக்காவில் 1899ல் அட்லாண்டாவில் தொடங்கிய ரீடெயில் கிரெடிட் கம்பெனி, ஆட்களுடைய சொந்த வாழ்க்கையை அக்கம்பக்கத்தில் விசாரித்துக் கோப்பில் எழுதி வைத்தது. அந்த மாதிரிக் கோப்புகளுக்கு எதிர்ப்பு வந்துதான் 1970ல் அங்கே சட்டம் வந்தது. அந்தக் கம்பெனியின் இன்றைய பேர் ஈக்விஃபேக்ஸ். அதோடு ஒப்பிட்டால், சாதியும் தெருவும் பார்க்காத ஒரு எண் நிச்சயமா முன்னேற்றம்தான். சொந்த ஊரில் சிபாரிசுக்கு ஆள் இல்லாம சென்னைக்கு வந்து வீடு வாங்கினவன் நான்; அந்த எண்ணால் எனக்கு லாபமும் உண்டு.

ஆனா கடனுக்காகச் செய்த அளவுகோல் கடனோட நிற்கலை. ஸ்டேட் பேங்க் அதிகாரி வேலைக்குத் தேர்வாகி, சிபில் அறிக்கையில் பழைய தவறுகள் இருந்ததால் நியமனம் ரத்தான ஒருவர் வழக்குப் போட்டார். விளம்பரம் வருவதற்கு முன்பே பாக்கியெல்லாம் கட்டிட்டேன்னு வாதாடினார். 2025 ஜூனில் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவு சரியென்றது. பொதுப்பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேணும்னு கேட்பது புரிகிறது. ஆனா அந்த அறிக்கையில் ஒரு 562 ரூபாய் இருந்திருந்தால்? வேலை கேட்டு வந்தவர் கடன் வாங்க வரலையே? அதே வருஷம் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்கணும்னு பேச்சு வந்தபோது தமிழ்நாட்டு விவசாயிகள் எதிர்த்தாங்க. மழை பொய்த்தால் தவணை தவறும். அதில் விவசாயியுடைய குணம் எங்கே இருக்கு? ஒரு வேலைக்காக எழுதின நிரலை எடுத்துச் சம்பந்தமில்லாத நாலு இடத்தில் கூப்பிட்டால் அது பிழை காட்டாது. தப்பான விடையை நம்பிக்கையோடு கொடுக்கும்.

அதனால் ஸ்கோரை ஏத்துவதுன்னா என் பார்வையில் வரிசை மாறுது. முதலில் அறிக்கையைப் படிக்கணும். நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தரணும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. உங்களுடையதல்லாத கடன், மூடியும் திறந்து கிடக்கும் கணக்கு, "செட்டில்டு", "ரிட்டன் ஆஃப்" இவற்றைத் தேடுங்க. "செட்டில்டு" என்பது கடன் தீர்ந்ததுன்னு அர்த்தமில்லை. குறைத்துக் கட்டி முடித்தீர்கள் என்பதற்கான வடு. தப்பிருந்தால் எழுத்தில் புகார் கொடுங்க. 2024 ஏப்ரல் 26லிருந்து, 30 நாளைக்குள் தீர்க்காவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு தரணும். அதிலும் வங்கிக்கு 21 நாள் கெடு. அதற்குப் பிறகும் நகரலைன்னா ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேன் இருக்கார். 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துட்டாங்க. 2025 ஜனவரியில், வங்கிகள் 15 நாளுக்கு ஒரு தடவையாவது தகவல் அனுப்பணும்னு விதி வந்தது, அதனால் திருத்தம் முன்னைவிடச் சீக்கிரம் தெரியும். இதற்கெல்லாம் அப்புறம்தான் அந்த அஞ்சு யோசனை.

மின்கம்ப நோட்டீஸ்காரரால் என்ன முடியும்? உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பொய்யான பதிவைத் திருத்த நீங்களே போதும், காசும் வேண்டாம். பானும் ஓ.டி.பி.யும் கேட்டால் போனை வெச்சுடுங்க.

அண்ணாச்சி இப்போ 20,000 ரூபாய் எஃப்.டி. மேல் ஒரு கார்டு வாங்கி வெச்சிருக்கார். மாசம் ஒரு தடவை பெட்ரோல் போடுவார், மறுநாளே கட்டிடுவார். ஒரு வருஷத்தில் ஸ்கோர் 761. மகளுடைய மூணாம் வருஷத்துக்குக் கடனும் கிடைத்தது. தேவையே இல்லாத ஒரு கடனை வாங்கிக் கட்டிக்காட்டி அவர் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. போன வாரம் அவர் கடையில் எனக்கு 40 ரூபாய் குறைஞ்சது. "நாளைக்குக் குடுங்க தம்பி"ன்னார். நோட்டில் எழுதிக்கலை.