செவிலிக்கும் ஒரு கூற்று

2004 ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெருவில் பள்ளியின் கீற்றுக்கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். என் அத்தை அப்போது டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர், கொல்லையில் குளித்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் தோசை வார்க்க ஆரம்பித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பள்ளிப் பையனான நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் பல மாசம் எங்கள் யூனிஃபார்மை அயர்ன் பண்ணும் வேலையை மட்டும் மாமாவிடம் தள்ளிவிட்டார். சூடான துணியின் வாடை ஆகவில்லை.

அந்த வருஷமே டிசம்பர் 26 சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அத்தைக்கு மறுபடியும் டியூட்டி. பார்க்கிறவர்களெல்லாம் ‘நீங்க தெய்வம் மாதிரி’ என்றார்கள். தெய்வத்துக்கு யார் மெடிக்கல் லீவ் கொடுப்பார்கள்?

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ எனக்கு மிகப் பிடித்த கதைகளில் ஒன்று. ஆனால் அதை வாசிக்கும்போதெல்லாம் இந்தத் ‘தெய்வம்’ என்ற சொல் உறுத்துகிறது. டாக்டர் கே காட்டில் அழுகிய யானைகளை அறுத்துப் பார்க்கிறார். உடைந்த பீர் பாட்டில் குத்திய யானைக்கு வைத்தியம் செய்கிறார். மனிதர்கள் மேல் அவருக்கு வரும் கசப்பை ஜெயமோகன் மறைக்கவில்லை, அது கதையின் நேர்மை. ஆனால் தன் வலியை என்ன செய்வது என்பதற்கு அவரிடம் இருக்கும் பதில், அதை விலகி நின்று கவனிப்பது, தியானம் போல. ஒரு ஞானிக்கு அது போதும். ஷிப்ட் முடிந்து மினி பஸ் பிடிக்க ஓடுகிறவருக்கு? கதைசொல்லி தன் மனபாரத்தை இறக்கிவைக்க டாக்டரிடம் போகிறார். டாக்டர் யாரிடம் போனார்? கதை அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

நாங்கள் ஐடிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் ‘பர்ன் அவுட்’ என்கிறோம். அதை 1974இல் உளவியல் கட்டுரைக்குள் கொண்டுவந்த ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவர் கண்டது அங்கே உழைத்தவர்களின் சோர்வை. கடைசியில் சொல்லை நாங்கள் எடுத்துக்கொண்டோம். சர்வர் விழுந்தால்கூட எங்கள் ஆபீசில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்று ஒரு மீட்டிங் உண்டு, யாரையும் குற்றம் சொல்லாமல் நடந்ததைப் பேசுவோம். வார்டில் ஒரு குழந்தை இறந்தால் அத்தை அடுத்த பெட்டுக்குப் போக வேண்டும். பாஸ்டனில் 1990களில் ‘ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்’ தொடங்கினார்கள்: டாக்டர், நர்ஸ், ஊழியர் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேஸ் தங்களை என்ன செய்தது என்று பேசுவது. நுரையீரல் புற்றுநோயில் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வக்கீலின் பெயரில். தன்னைப் பார்த்துக்கொண்டவர்களைத் திரும்பிப் பார்த்த நோயாளி அவர்.

நம்மிடம் இப்படி ஒன்று இல்லவே இல்லையா என்று தேடியபோது கிடைத்தது அந்தச் சொல்தான். நர்ஸை ‘செவிலியர்’ என்கிறோம். சங்க அகப்பாடல்களில் செவிலி, பெறாமல் வளர்த்தவள். தலைவி உடன்போக்கு போனால் பெற்ற நற்றாய் மட்டுமல்ல, செவிலியும் புலம்பலாம். தொல்காப்பியம் அவளுக்குக் கூற்று உரிமையே கொடுக்கிறது. கலித்தொகை ஒன்பதாம் பாட்டில் அவள் பாலை வழியில் தேடிப்போய், எதிரே வரும் அந்தணர்களை நிறுத்திக் கேட்கிறாள். அவர்கள் நின்று பதில் சொல்கிறார்கள். சந்தனம், முத்து, யாழிசை என்று மூன்று உவமை. கொஞ்சம் உபதேச நெடி அடிக்கிறது, எங்கள் ஹெச்ஆர் மெயில் மாதிரி. அவள் அழுகையை அது சீக்கிரமே மூடிவிடுகிறது என்பது என் குறை. ஆனாலும், தன் வயிற்றில் பிறக்காத பிள்ளைக்காக அழுகிறவளுக்கு வழியில் நாலு பேர் நின்றார்கள். டாக்டர் கேவுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. நாம் செவிலி என்ற பெயரை எடுத்துக்கொண்டு கூற்றை விட்டுவிட்டோம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தையிடம் இந்தப் பாட்டைக் கதையாகச் சொன்னேன். ரிட்டயர் ஆகிவிட்டார். முறத்தில் அரிசி புடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

‘அப்பறம் அந்தம்மா வூட்டுக்குப் போயி என்னடா பண்ணுச்சு?’

பாட்டில் அது இல்லை என்றேன்.

‘சரி. அன்னிக்கி நான் வந்தேன்ல, அதக் கேளு, சொல்றேன்’ என்று முறத்தைக் கீழே வைத்தார்.