ஜீப்னிக்கு மாற்று: பிலிப்பைன்ஸ் திட்டம் ஒன்றின் திறனாய்வு

பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரான மணிலாவின் படத்தைப் பார்த்தவர்கள், பளபளக்கும் தகட்டு உடலும் வண்ண ஓவியங்களும் கொண்ட ஒரு நீண்ட வண்டியைக் கவனித்திருப்பார்கள். அதன் பெயர் ஜீப்னி. அந்நாட்டின் சாதாரண மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போவது பெரும்பாலும் இதில்தான். இந்த வண்டிகளை அகற்றிப் புதியவற்றை ஓட விட வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2017-இல் ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. அத்திட்டம் அறிவியல் நோக்கில் எவ்வளவு சரி, எங்கே பிழை என்பதை இங்கு ஆராய்வோம்.

பிறந்த கதை

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்கப் படை ஏராளமான ஜீப்புகளை அங்கே விட்டுச் சென்றது. போரில் பேருந்துகளும் டிராம் வண்டிகளும் அழிந்து போயிருந்தன. உள்ளூர்க் கைவினைஞர்கள் ஜீப்பின் பின்புறத்தை நீட்டி, இரு பக்கமும் நீளவாட்டில் பெஞ்சு அமைத்து, கூரை போட்டுப் பயணிகள் வண்டியாக்கினர். லாஸ் பின்யாஸ் என்ற ஊரில் 1953-இல் தொடங்கிய சாராவ் பட்டறை இத்தொழிலில் புகழ் பெற்றது. பின்னாளில் படை ஜீப்புகள் தீர்ந்து போகவே, ஜப்பானில் ஓடிக் கழித்த டீசல் எஞ்சின்களை வாங்கிப் பொருத்தினர். ஆக, ஜீப்னியின் உடல் உள்ளூர். உயிரோ பழைய இறக்குமதி. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திட்டம் சொல்வது என்ன?

15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் நீங்க வேண்டும். புதிய வண்டி யூரோ-4 தரத்து எஞ்சினோ மின்மோட்டாரோ கொண்டிருக்க வேண்டும். தனித்தனி உரிமையாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகவோ நிறுவனமாகவோ இணைய வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் இவையே விதிகள். எஞ்சின், வண்டியின் அமைப்பு, உடைமை ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு சிக்கல்கள். அவற்றை ஒரே முடிச்சில் கட்டியதே திட்டத்தின் அடிப்படைக் குறை என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

புகை

டீசல் எஞ்சினில் எரிபொருள் நுண்துளிகளாகத் தூவப்பட்டு, அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எரிகிறது. உட்செலுத்தி தேய்ந்துவிட்டால் துளிகள் பெருத்துவிடும். பெருந்துளி முழுவதும் எரியாது. மிச்சம் கரித்துகளாக வெளிவரும். இத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானிலும் சிறியவை. மூக்கும் தொண்டையும் இவற்றைத் தடுக்க முடியாது. நுரையீரலின் நுண்ணறைகள் வரை சென்று படியும்.

மணிலாவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, சாலையில் ஓடும் வண்டிகளில் ஐந்தில் ஒரு பங்கே ஆன ஜீப்னிகள், சாலையோரத்துக் கரித்துகள் நிறையில் ஏறக்குறைய 94 விழுக்காட்டுக்குக் காரணமாகலாம் என்று கணித்தது. இப்புகையை முதலில் சுவாசிப்பவர் நாள் முழுதும் அவ்வண்டியில் அமர்ந்திருக்கும் ஓட்டுநரே. எனவே, “எங்கள் வண்டியில் குறையே இல்லை” என்ற வாதம் நிற்காது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எரிபொருள் செலவில் ஜீப்னி கெட்டதன்று. ஒரு லிட்டர் டீசலில் 6 கிலோமீட்டர் ஓடி, சராசரி 15 பேரை ஏற்றிச் செல்வதாகக் கொண்டால், ஒரு லிட்டருக்கு 90 ஆள்-கிலோமீட்டர் கிடைக்கும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு பேரை ஏற்றினால் கிடைப்பது 24 தான். ஆகவே கெட்டது எஞ்சினின் முதுமை. பலர் சேர்ந்து செல்லும் முறை அன்று.

யூரோ-4 மட்டும் போதுமா? ஐரோப்பாவில் அது 2005-ஆம் ஆண்டளவில் வந்த தரம். அது துகள்களின் நிறைக்கு வரம்பு வைத்ததே தவிர, எண்ணிக்கைக்கு வைக்கவில்லை. பராமரிப்பு இல்லாவிட்டால் புதிய எஞ்சினும் சில ஆண்டுகளில் புகையத் தொடங்கும். மின்வண்டியே தெருவுக்குத் தூய்மை தரும். அந்நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருவது உண்மை; எனினும் மக்கள் நெருக்கும் தெருவிலிருந்து புகை விலகுவதே ஒரு நன்மை.

வண்டியின் அமைப்பு

பழைய ஜீப்னியில் பின்புறமாகத்தான் ஏறி இறங்க வேண்டும். இறங்குபவர் பின்னால் வரும் வண்டிகளுக்கு எதிரே கால் வைக்கிறார். பெஞ்சுகள் நீளவாட்டில் இருப்பதால், பிரேக் போட்டவுடன் நிலைமம் காரணமாக ஒரு வரிசை முழுவதும் முன்னோக்கிச் சரியும். தடுக்க முதுகுச் சாய்வு இல்லை. கூரை தாழ்வானதால் குனிந்தே நடக்க வேண்டும். புதிய வண்டிகளில் நடைபாதைப் பக்கம் கதவு இருக்கிறது, நிமிர்ந்து நிற்கலாம். இப்பகுதியில் திட்டம் பாராட்டுக்குரியது.

ஆயினும், பழைய வண்டி பழுதானால் தெருவோர மெக்கானிக் ஒரு ஸ்பானரும் சுத்தியலும் கொண்டு ஓட வைப்பார். புதிய எஞ்சினை மின்னணுக் கருவி ஆள்கிறது. கோளாறைக் கண்டறியவே தனிக் கருவி வேண்டும். உதிரிப்பாகம் கப்பலில் வர வேண்டும். வண்டியை மட்டும் மாற்றி, பட்டறையை மாற்றாமல் விட்டால், நின்று போன புது வண்டிகளே மிஞ்சும்.

கணக்கு

திட்டத்தின் கடன் விதியை 5-6-7-8 என்று குறிப்பிட்டனர்: 5 விழுக்காடு முன்பணம், 6 விழுக்காடு வட்டி, 7 ஆண்டுத் தவணை, 80,000 பெசோ மானியம். தொடக்கத்தில் வண்டி விலை 12 முதல் 16 இலட்சம் பெசோ என்றனர். பின்னர் அது 24 இலட்சத்தையும் தாண்டியது. மானியமும் உயர்ந்தது. மானியம் 2,80,000 என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். முன்பணமும் மானியமும் போக மீதி 20 இலட்சம். 84 மாதத் தவணையில் மாதம் சுமார் 29,200 பெசோ ஆகிறது. மாதம் 26 நாள் ஓடினால் நாளொன்றுக்கு 1,120 பெசோ. 2023 அக்டோபரில் புதிய வண்டிக்கு நிர்ணயித்த குறைந்த கட்டணம் 15 பெசோ. அதாவது டீசல், கூலி, பழுது எதற்கும் சேராமல், தவணைக்கு மட்டும் நாள்தோறும் 75 பேரின் கட்டணம் போய்விடும்! மாணவர்கள் வட்டிச் சூத்திரத்தைக் கொண்டு இதைத் தாமே சரிபார்க்கலாம். 2023 மார்ச்சில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

உடைமை

பழைய முறையில் ஓட்டுநர் உரிமையாளருக்கு நாள் வாடகை கட்டிவிட்டு, மிஞ்சியதை எடுத்துக்கொள்கிறார். ஆகவே ஒரு பயணிக்காக இரண்டு வண்டிகள் போட்டியிட்டு விரைகின்றன. கண்ட இடத்தில் நிற்கின்றன. சங்கமாகச் சேர்ந்து மாதச் சம்பளம் பெற்றால் இப்போட்டி தணியும். கருத்து நல்லதே. ஆனால், ஒரே வண்டியை வைத்துப் பிழைக்கும் குடும்பம் தன் உரிமத்தைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். கடன் அடையாவிட்டால் எதுவும் மிஞ்சாது.

சேர்வதற்கான கெடு பல முறை தள்ளிப் போய், 2024 ஏப்ரல் 30-இல் முடிந்தது. பெரும்பாலோர் சேர்ந்துவிட்டனர் என்றது அரசு. காகிதத்தில் சேர்ந்தோருள் புது வண்டி பெற்றவர்கள் அப்போது ஒரு சிறு பங்கினரே. திட்டத்தை நிறுத்தி வைக்கும்படி அந்நாட்டுச் செனட்டர்கள் ஏறத்தாழ அனைவரும் கேட்டும், 2024 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் மார்க்கோஸ் மறுத்துவிட்டார்.

முடிவு

நோயைச் சரியாகக் கண்டறிந்த மருத்துவர், நோயாளியால் வாங்க முடியாத மருந்தை எழுதிக் கொடுத்ததைப் போன்றது இத்திட்டம். முதலில் புகையை அளக்க வேண்டும். மிகுதியாகப் புகைவிடும் எஞ்சின்களை, வண்டியின் வயதைப் பாராமல், உடனே நீக்க வேண்டும். உடல் கட்டும் வேலையை எழுபது ஆண்டு அனுபவமுள்ள உள்ளூர்ப் பட்டறைகளுக்கே கொடுத்து, பக்கக் கதவையும் உயர்ந்த கூரையையும் விதியாக்கலாம். தவணையை வருமானத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

காற்று தூய்மையாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தூய்மையின் விலையை, அந்தப் புகையை மிகுதியாகச் சுவாசித்தவனே முழுவதும் கட்ட வேண்டும் என்பது அறிவியலும் ஆகாது, நீதியும் ஆகாது.