சரிக்குச் சரி

கூத்தில், பாத்திரங்கள் களரிக்கு வரும் வரவிலேயே யார் வெல்வான் என்று தெரிந்துவிடுகிற சண்டையில் எனக்கு ருசியில்லை. 1544இல் யாழ்ப்பாண ராசா சங்கிலியின் ஆட்கள் மன்னாருக்கு வந்து வேதக்காரரை வெட்டிய கதையைக் களரியில் வைத்தால் சபை அழும், அது சண்டையாகாது. ஒரு பக்கம் வாள், மற்றப் பக்கம் கழுத்து. இரண்டு ராசாக்கள், ஒரே அளவு படை, ஒரே அளவு ரோசம் என்று வரும்போதுதான் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் கெட்டித்தனம் வெளியே வரும்.

மட்டக்களப்பு நண்பர்கள் மன்னார்க் கூத்துக்காரரான எங்களைப் பகிடி பண்ணுவார்கள்: "உங்கட ஆக்கள் சண்டை பிடிக்கிறதில்லை, பாடிப்போட்டுச் சாகிறாங்கள்." அவர்களுடைய வடமோடிக் கூத்தின் துள்ளலில் ஊறிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் களரியில் கால் குறைவு, தொண்டை கூட. மாதோட்டப் பாங்கானாலும் யாழ்ப்பாணப் பாங்கானாலும் அதுதான் நிலைமை. ஆனால் சமபலக்காரர் மோதும் இடத்தில் அந்தக் குறையே கைகொடுக்கிறது. ஆட்டம் வேகமெடுத்தால் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதைச் சபை உடனே கண்டுபிடித்துவிடும். கடலுக்குப் போகிற இருபது வயதுப் பெடியனும் வயிறு வைத்த ஐம்பது வயதுக்காரரும் பாட்டில்தான் சரிக்குச் சரி நிற்கலாம்.

வங்காலைப் பக்கத்து அண்ணாவியார் ஒருவர் இருந்தார். இப்போது இல்லை. அவர் கட்டிய சண்டைத் தருவில், அதாவது சண்டைப் பாட்டில், இருவரும் முதலில் முழுத் தருவாகப் பாடுவார்கள். அடுத்த சுற்றில் இரண்டு அடி, பிறகு ஓரடி. கடைசியில் ஒருவன் தொடங்கிய அடியை மற்றவன் பாதியில் பறித்து முடிப்பான். ஒவ்வொரு சுற்றுக்கும் இருவரும் இடம் மாறுவார்கள். இதெல்லாம் மற்றவர்களும் செய்ததுதான். அவரிடம் நான் கண்டது வேறு.

வாள் மரத்தால் ஆனது. ஓங்கித் தட்டினால் பலகைச் சத்தம் கேட்கும், பின்வரிசைச் சின்னப் பெடியள் சிரிப்பார்கள். அதனால் வாள்கள் மணிக்கட்டு உயரத்தில் மெல்லத் தொட்டால் போதும் என்பார். தொடும் அந்தக் கணத்தில் மத்தளத்தின் இடந்தலையில் ஒரு அடி விழும், வெட்டு விழுந்துவிட்டது. சில தடவை வாள் தொடும், ஆனால் மத்தளம் பேசாது. வெட்டு தப்பிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே சபை இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டது. அடி விழாத இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து "அப்பாடா" என்று கேட்கும். கதை தெரியும், முடிவும் தெரியும். அடுத்த அடி விழுமா என்பது மட்டும் மத்தளக்காரருக்குத்தான் தெரியும். சில இரவுகளில் அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ரொறன்ரோவில் மருமகன் வீட்டில் பெடியள் மேசையைச் சுற்றியிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடினார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட விளையாட்டு. இருபது முகத் தாயக்கட்டையை உருட்டினால் வெட்டு விழுந்ததா தப்பியதா என்று தெரியும். பலத்தில் ஒத்த இரண்டு வாள்வீரர் மோதியபோது பட்டது, படவில்லை, பட்டது என்று அரை மணித்தியாலம் போயிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு எண் குறைந்தது, மற்றபடி எதுவும் அசையவில்லை. கதை நடத்திய பெடியனும் கொட்டாவி விட்டான். எங்கள் அண்ணாவியார் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் மூன்றாவது சுற்றிலேயே இருவரையும் இடம் மாற்றியிருப்பார், ஒருவன் வாயில் மற்றவனின் தகப்பன் பெயரை வைத்திருப்பார்.

கூத்து சுருங்கிப்போனதற்குப் பேராசிரியர் வித்தியானந்தனை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இல் அச்சில் வந்தது அவர் பதிப்பித்ததால்தான். பேராதனையில் 1962இல் கர்ணன் போரை மேடையேற்றி, படித்தவர்களைக் கூத்தின் பக்கம் திரும்பவைத்தவரும் அவரே. ஆனால் விடிய விடிய ஆடுவதைச் சுருக்கும் பழக்கம் பிறகு யார் யார் கைக்கோ போய்விட்டது. வெட்டுகிறவர்கள் முதலில் கைவைப்பது சண்டைத் தருவில்தான், "ஒன்றையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்" என்று. திரும்பத் திரும்ப இல்லை ஐயா, ஒவ்வொரு சுற்றும் குறுகிக்கொண்டு போகிறது. அச்சுப் புத்தகத்தில் தரு இருக்கும், ராகம் இருக்கும். எந்த அடியில் மத்தளம் பேசாமல் இருக்கவேண்டும் என்பது எந்தக் கொப்பியிலும் இல்லை.

இப்போது போட்டிக்கென்று ஆடுகிறார்கள். முக்கால் மணித்தியாலத்துக்குள் வரவு, தர்க்கம், சண்டை, மங்களம் எல்லாம் முடியவேண்டும். வாள் ஓங்கியதும் ஒலிபெருக்கியில் சினிமாச் சத்தம், இரும்பும் இரும்பும் மோதுவதுபோல. ஒவ்வொரு வெட்டுக்கும் தவறாமல் வருகிறது. ஒரு வெட்டாவது தப்பவேண்டாமா? ஒரு விழாவில் நடுவராக இருந்தபோது இதைக் கேட்டேன். ஒலிப்பதிவு செய்த தம்பி, "ஐயா, ஒரு சத்தம் விட்டுப்போனால் மெசின் பிழை என்று சனம் நினைக்கும்" என்றான். புள்ளித்தாளில் உடைக்குப் பத்து, உச்சரிப்புக்குப் பத்து என்று கட்டம் போட்டிருந்தார்கள். மத்தளத்துக்குக் கட்டமே இல்லை. பென்சிலால் நானே ஒன்று போட்டுக் கொடுத்தேன்; கூட்டும்போது அதைச் சேர்க்கவில்லை.