குறத்தி கொண்டுவந்த சந்தோஷம்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் மேலகரத்தைக் கவனிப்பதில்லை. சீசன் நேரத்தில் கண்ணெல்லாம் மலைமேல்தான். ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதுதான் பேச்சு. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரு நிமிஷமாவது திரும்பிப் பார்க்க வேண்டிய ஊர் அது. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சைவக் கவிராயர் உச்சத்துக்குக் கொண்டுபோன வடிவத்தைத்தான் 1800இல் தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் கையில் எடுத்தார்; பெத்லகேம் குறவஞ்சி பிறந்தது. சாஸ்திரியாரும் நம் திருநெல்வேலிக்காரர். 1774இல் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்குப் போனவர்.

ஆராதனையில் பழைய சந்தோஷம் இல்லையே என்ற ஏக்கம் எல்லாத் தலைமுறைக்கும் உண்டு. அதற்கு நாம் வழக்கமாகத் தேடும் மருந்து, எழுப்புதல் கூட்டம், உபவாச ஜெபம், புதிதாக ஒரு பிரசங்கியார். சாஸ்திரியார் வேறு வழி கண்டார். ஊரே அறிந்த ஓர் ஆட்டத்துக்குள் விசுவாசத்தை இறக்கினார். அது பலித்ததா என்று பார்க்க, முதலில் குற்றாலக் குறவஞ்சியில் சந்தோஷம் எங்கிருந்து ஊறுகிறது என்று பார்க்க வேண்டும்.

கதை சிறியது. பந்தாடும் வசந்தவல்லி குற்றாலத்து இறைவன் திரிகூடநாதரின் பவனியைக் கண்டு மயங்குகிறாள். குறத்தி சிங்கி வந்து தன் மலையின் வளம் பேசி, கைபார்த்துக் குறி சொல்லி, நகைகளைப் பரிசாக வாங்கிப் போகிறாள். அவளைத் தேடி, பறவை பிடிக்கிற அவள் கணவன் சிங்கன் அலைகிறான். கண்டுபிடித்தபோது அவள் உடம்பெல்லாம் நகை. அவனோ நகையே பார்த்தறியாதவன். காலில் கிடக்கும் சிலம்பைப் பாம்பென்று மிரள்கிறான். ஒவ்வொன்றாகக் கேட்கிறான், அவள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறாள். சந்தேகம் மெல்ல மெல்ல வியப்பாகி, வியப்பு கொஞ்சலாகிறது. இந்த இடத்தில்தான் நூல் பொங்குகிறது. கவிராயருக்கு எதையும் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே குரங்கு குரங்குதான், பறவை பறவைதான். சிங்கன் சிங்கியை நினைத்து உருகும் நேரத்தில் பறவைகள் தப்பியும் போகும்.

சாஸ்திரியாருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவருடைய தலைவி தேவமோகினி. சீயோன் குமாரத்தி, அதாவது சபை. பெத்லகேம் நாதரின் பவனியைக் கண்டு காதல் கொள்கிறாள். குறி சொல்ல வருபவள் விசுவாசம். சிங்கன் குருமார், அவனுடைய தோழன் நூவன் உபதேசியார், கண்ணி சுவிசேஷம், பறவைகள் ஆத்துமாக்கள். எல்லாவற்றுக்கும் ஒரு சாவி உண்டு. சாவி கையில் இருக்கும்போது ஆச்சரியம் குறைந்துபோகிறது; இது பெரிய நஷ்டம், மறைக்கக் கூடாது. பறவை தப்பிக்கும் வேடிக்கையை இங்கே யாரும் சிரித்துக்கொண்டு பார்க்க முடியாது, தப்பிப்பது ஓர் ஆத்துமா அல்லவா? ஆனாலும் கலிலேயாவில் மீன் வலை போட்டவர்களை மனுஷரைப் பிடிக்கிறவர்களாக்கிய சுவிசேஷம் தமிழ்நாட்டில் புள் பிடிக்கும் கண்ணியாக மாறுவதில் ஒட்டுப் போட்ட அடையாளமே தெரியவில்லை. சொந்த மண்ணில் முளைத்ததுபோல நிற்கிறது.

குற்றாலக் குறத்தி தன் மலையைச் சொன்னாள். சாஸ்திரியாரின் ஞானக் குறத்தியோ உலக நாடுகளையெல்லாம் சொல்கிறாள். நூல் சூரியனைச் சுற்றும் கோள்களின் கணக்குவரை போகிறது. ஆட்டமாகப் பார்த்தால் கால் அங்கே நின்றுவிடுகிறது. இதைப் பாடப்புத்தகம் என்று தள்ளியவர்களோடு நானும் ஒருகாலத்தில் சேர்ந்திருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். புதிய வானியலைக் கற்ற ஒரு தமிழர், படைத்தவரின் கைவேலையைப் பார்த்துப் பூரித்து, நூலுக்குள் அதை வைக்கிறார். நீளம் குறைதான், பூரிப்பு உண்மை.

தென்காசிப் பக்கம் ஒரு சிறு கோயிலில், சாரல் விழுந்த ஞாயிறு ஒன்றில் பார்த்தேன். ஜெர்மன் மெட்டில் ஒரு பாமாலைப் பாட்டு. எல்லாரும் புத்தகத்தில் கண் வைத்து, தோளை அசைக்காமல் பாடி முடித்தார்கள். அடுத்து சாஸ்திரியாரின் கீர்த்தனை. எனக்கு முன்னால் இருந்த ஒரு பாட்டியம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். வலது கை விரல்கள் முன் பெஞ்சின் முதுகில் தாளம் போட ஆரம்பித்தன. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதே விசுவாசம், அதே வாய். உடம்பு மட்டும் இப்போதுதான் ஆராதனைக்குள் வந்தது.

இதற்கு மேல் சாஸ்திரியாரை எடைபோடுவது கஷ்டம். 1820களில் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனரிகள் தமிழ்ப் பாட்டையும் விசேஷ வீட்டுப் பூவையும் ஒதுக்கப் பார்த்தபோது சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். அதில் நியாயம் முழுக்க அவர் பக்கம். அதே சண்டையில், திருவிருந்தில் எல்லாச் சாதியும் கலப்பதையும் அவர் எதிர்த்தார். சாதி வேறுபாட்டுக்கு வாதாடி 1829இல் எழுதினார். அதில் நியாயம் துளியும் இல்லை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் விலகிப் போனார்கள். காலம் அப்படி என்று சொல்லித் தப்ப முடியாது. அதே காலத்தில் மறுபக்கம் நின்றவர்களும் இருந்தார்கள்.

பாட்டையும் பாட்டுக்காரரையும் பிரித்துவிடலாம் என்பார்கள். நான் பிரிக்க மாட்டேன். பாட்டையே அவருக்கு எதிராகச் சாட்சிக்கு அழைப்பேன். வாசலில் நிற்க வேண்டியவளாக ஊர் நினைத்த குறத்தியை அவர்தான் உள்ளே அழைத்தார். ராஜகுமாரத்தியின் கையைப் பிடித்துக் குறி பார்க்க வைத்தார். அந்தக் குறத்திக்கு விசுவாசம் என்று பேரும் வைத்தார். அவள் தொடாமல் சபைக்குத் தன் மணவாளன் சேதி கிடைக்காது. 1800இல் எழுதிய அவர் கை, 1829இல் எழுதிய கையைவிட நேர்மையானது.

கவிதையாகக் குற்றாலக் குறவஞ்சிக்கு அடுத்த படியில்தான் பெத்லகேம் குறவஞ்சி நிற்கும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் தமிழ்ச் சபையின் சந்தோஷத்தைத் தமிழாகவே திறந்துவிட்ட நூல்களில் அதற்கு முன்வரிசை. அச்சில் மட்டும் கிடந்தால் போதாது. நாடுகளையும் கோள்களையும் சுருக்கி, குறத்தி வருகிற இடத்தை விரித்து, ஓர் அசனப் பண்டிகையின் சாயங்காலத்தில் அதை ஆடிப் பார்க்க வேண்டும். குறத்தி வேஷம் போடுகிற பெண், ஆட்டம் முடிந்ததும் அதே பந்தியில், எந்தக் குடும்பத்தாரோடும் தோளோடு தோள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.